‘அக்ரஹாரத்தில் கழுதை’யும் நம் சங்கங்களும்

நமது தமிழ்ச் சங்கங்களில் திரைப்படம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரு புலம்பல் தவறாமல் கேட்கிறது. வங்காளியருக்குச் சத்யஜித் ராய் உண்டு, கன்னடத்தாருக்கு ‘சம்ஸ்காரா’ உண்டு, தமிழனுக்கு என்ன உண்டு என்பதே அது. மல்லேஸ்வரத்தில் மூன்று தமிழர் கூடினால் இப்புலம்பல் எழாமல் இராது. நாம் இதை ஏற்பதற்கில்லை. தமிழனுக்கும் உண்டு, தமிழன் அதைப் பார்க்கவில்லை என்பதே உண்மை. 1977-இல் ஜான் ஆபிரகாம் இயக்கிய ‘அக்ரஹாரத்தில் கழுதை’யையே குறிப்பிடுகிறோம்.

தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்று கல்லூரிப் பேராசிரியர் நாராயணசாமியின் வீட்டை அடைகிறது. கல்லூரியில் கேலி மிகவே, அவர் அதைத் தம் கிராமத்து அக்ரஹாரத்திற்குக் கொண்டுபோய்ப் பெற்றோரிடம் விடுகிறார். வாய்பேச முடியாத உமா என்னும் பெண் அதைப் பேணுகிறாள். விடலைகளின் குறும்புகளுக்கெல்லாம் பழி கழுதைக்கே. இறந்து பிறந்த உமாவின் குழந்தை கோயில் முன் கிடக்கும்போது அந்தப் பழியும் அதற்கே. கழுதையைக் கொன்றுவிடுகிறார்கள். பிறகுதான் வேடிக்கை: கொன்றவர்களே அற்புதங்களைக் காணத் தொடங்கி, அதைத் தெய்வமாக்குகிறார்கள்! இறுதியில் ஊரே தீக்கிரையாகிறது. சிரித்துக்கொண்டே வந்த நாம் எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினோம் என்று நமக்கே விளங்குவதில்லை.

நட்சத்திரங்கள் இல்லை. பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன். சில காட்சிகள் வேண்டுமளவுக்கு மேல் நீள்கின்றன. சிலர் மேடை நாடகத்தில் நிற்பதுபோல் நிற்கிறார்கள். இக்குறைகளை மறைக்க வேண்டியதில்லை. சிறந்த தமிழ்ப்படத்திற்கான தேசிய விருது பெற்றும் இப்படம் மக்களைச் சென்றடையவில்லை என்பதே பெருங்குறை.

இது பிராமணரைப் பழிக்கும் படம் என்று ஒரு சாரார் அன்று கொதித்தனர். பழிக்கிறது என்பதற்காகவே இன்னொரு சாரார் கைதட்டினர். இரு சாராரும் படத்தின் தலைப்பை மட்டுமே பார்த்தவர்கள் என்று ஐயுறுகிறோம். கதையை எழுதிய வெங்கட் சாமிநாதன் கும்பகோணத்தை அடுத்த உடையாளூரில் பிறந்து, அத்தெருக்களை உள்ளிருந்து அறிந்தவர். வெறுப்பவனின் கை இப்படி எழுதாது. கழுதையை அக்ரஹாரத்திலிருந்து அவிழ்த்து வேறெந்தத் தெருவில், வேறெந்தச் சாதிச் சங்கத்தின் வாசலில் கட்டினாலும் கதை அப்படியே நிற்கும். கோப்பு காணாமற்போனால் கடைநிலை ஊழியர்மீது பழி விழுவதைக் கண்ட அலுவலக அன்பர்களுக்கு இது புதிதும் அன்று.

‘சம்ஸ்காரா’வின் கதையை எண்ணிப் பார்ப்போம். அனந்தமூர்த்தியின் நாவலைப் பட்டாபிராம ரெட்டி 1970-இல் படமாக்கினார். அதுவும் அக்ரஹாரத்துக் கதையே. தணிக்கைக் குழு முதலில் தடுத்தது. பின்னர் அவ்வாண்டின் சிறந்த படத்திற்கான தேசிய விருது கிடைத்தது. கன்னட அன்பர்கள் கோபித்தார்கள், வாதிட்டார்கள், ஆயினும் அதைத் தம்முடையதென்று ஏற்றார்கள். நாமோ கோபிக்கும் சிரமத்தைக்கூட மேற்கொள்ளவில்லை, மறந்துவிட்டோம். மறதியைக் காட்டிலும் கொடிய தணிக்கை ஏது?

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் தனி உரிமை உண்டென்பது எம் வாதம். சாமிநாதன் ஹிராகுட் அணைக்கட்டு அலுவலகத்திலும் பின்னர் தில்லியிலும் மத்திய அரசுப் பணி புரிந்தவர். தம் இறுதி ஆண்டுகளை நம் பெங்களூரில் கழித்து, 2015-இல் இங்கேயே மறைந்தார். 1987-இல் மறைந்த ஜான் ஆபிரகாமோ கேரளத்தில் பிறந்து, பெல்லாரியில் ஆயுள் காப்பீட்டுக் கழக அலுவலராயிருந்து, அதை உதறிப் புனே திரைப்படக் கல்லூரிக்குச் சென்றவர். ஊரைவிட்டு வந்தவர்களின் கண் இப்படத்தில் இருக்கிறது. உள்ளிருப்போர் பழகிப்போய்க் காணாததை அது காண்கிறது. அந்தக் கண் நமக்கும் உண்டு. ஆனால் நம் விழாக்களில் அதை மூடிக்கொண்டு, நாற்பதாண்டுப் பழைய நட்சத்திரப் பாடல்களுக்குத் தாளம் போடுகிறோம்.

சங்க நிர்வாகிகளுக்கு எம் கோரிக்கை எளியது. அடுத்த ஆண்டு விழாவில் மெல்லிசைக்கு ஒதுக்கும் மூன்று மணி நேரத்தில் பாதியை இப்படத்திற்குத் தாருங்கள். கல்லூரி செல்லும் பிள்ளைகளையும் அழையுங்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிடினும் கழுதையின் பார்வை புரியும். ஆட்சேபிக்க விரும்புவோர் முன்வரிசையில் அமரட்டும். படம் முடிந்தபின் காப்பியும் சண்டையும் வைத்துக்கொள்வோம்.