பழியின் பங்காளிகள்

அறம் என்றவுடன் பெருஞ்செயல்களையே எண்ணுவது பலர்க்கு வழக்கம். முல்லைக்குத் தேரீந்த பாரியைப் போல்வாரே அவர்தம் நினைவுக்கு வருவர். அத்தகைய நிலை எளிய குடிமகனுக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் வாய்ப்பது அரிது. எனவே, அறமா அறமல்லாததா என்று தேரும் கடமையே தமக்கில்லை என அவர் அமைந்துவிடுகின்றனர். வள்ளுவர் அவ்வாறு கருதினாரல்லர். நடுவுநிலைமையை அவர் பொருட்பாலின் அரசியலில் வையாது, இல்லறவியலில் வைத்தார். வணிகர்க்குரிய நேர்மையையும் அவ்வதிகாரத்தின் முடிவிலேயே கூறினார். வீடும் கடையுமே அறத்தின் முதற்களங்கள்.

இவ்வுண்மையைத் தீப்பெட்டித் தொழிலின் வரலாறு தெளிவாகக் காட்டும். தென்காசி மாவட்டத்தின் மேற்கே குற்றால அருவி. வடகிழக்கிலோ திருவேங்கடத்தைச் சூழ்ந்த வானம் பார்த்த கரிசல் நிலம். சிவகாசியைச் சேர்ந்த அய்யநாடாரும் சண்முகநாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினர். அக் கைத்தொழில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, திருவேங்கடம் எனப் பரவி, மழை பொய்த்த ஊர்களில் அடுப்பெரியச் செய்தது. இப் பெருமையை மறுத்தற்கில்லை.

ஆனால், காலப்போக்கில் அத் தொழிலுள் பிஞ்சுக் கைகளும் புகுந்தன. கட்டை அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் சிறு விரல்களே ஏற்றவை என்றனர். விடியுமுன்பே பேருந்துகள் ஊர்தோறும் சென்று சிறுவர் சிறுமியரை ஏற்றி வந்தன. 1980-களில் இக் கொடுமை உலகறிந்த செய்தியாயிற்று.

இதனைச் செய்தவர் யார்? தந்தை முன்பணம் பெற்றார். கடனடைக்க வேறு வழியில்லை என்றார். முகவர் தலைகளை எண்ணினார், அகவையை வினவவில்லை. முதலாளி, பெற்றோரே அனுப்புகின்றனர் என்றார். ஓட்டுநர், வண்டி ஓட்டுவதே தம் வேலை என்றார். ஆசிரியர், வாராதவன் பெயருக்கு நேரே குறியிட்டு அடுத்த பெயரை அழைத்தார். வாங்கியவர் விலையை மட்டும் கேட்டார். தாம் கொடியர் என்ற எண்ணம் இவருள் ஒருவர்க்கும் எழவில்லை. பழி பல கூறாகப் பிரிந்தமையால், ஒவ்வொருவர் பங்கும் மனச்சான்றை உறுத்தாத அளவிற்குச் சிறுத்துப் போயிற்று. குழந்தையின் இழப்போ சிறுக்கவில்லை. அதன் பள்ளிப் பருவம் முழுமையாகவே பறிபோயிற்று.

சட்டம் வந்தது. பதினான்கு அகவை நிரம்பாதாரைத் தீப்பெட்டித் தொழிலில் அமர்த்தலாகாது என்றது 1986-ஆம் ஆண்டுச் சட்டம். ஆயினும், குடும்பத்தாரின் துணையோடு ஒருவர் நடத்தும் தொழிற்கூடத்தை அது விலக்கி வைத்தது. ஆலையின் கதவைச் சாத்திய சட்டம் வீட்டின் கதவைத் திறந்தே விட்டது. 1996-இல் உச்ச நயன்மன்றம், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 உருபா செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 2009-இல் கல்வியுரிமைச் சட்டமும், 2016-இல் முன்னைச் சட்டத்திற்குத் திருத்தமும் வந்தன. இவற்றோடு, காமராசர் காலத்தில் தொடங்கி 1982-இல் விரிவடைந்த பள்ளியுணவும், பின்வந்த பொறிகளும் சேர்ந்து ஆலைகளில் குழந்தையுழைப்பைப் பெரிதும் குறைத்தன. ஆனால், வீட்டுத் திண்ணையில் நடப்பதைச் சட்டம் நாள்தோறும் வந்து பார்த்துக் கொண்டிராது. அங்கே காவல் நிற்க வேண்டியது மனச்சான்றே.

‘வறியவனுக்குத் தேர்வு ஏது?’ என்று சிலர் வினவுவர். வினா முறையானதே. பசித்த தந்தையின் தேர்வு மிகக் குறுகியது. அவரைப் பழிப்பது எளிது, நேர்மையன்று. ஆயின், இதிலிருந்தே ஒரு நெறி பிறக்கின்றது: எவர்க்குத் தேர்வு விரிந்ததோ, அவர்க்கே பொறுப்பும் மிகுதி. தந்தையினும் முகவர்க்கும், முகவரினும் முதலாளிக்கும், பசியறியாது கடையில் நிற்கும் நுகர்வோர்க்கும் தேர்வு மிகுதி. பதினான்கு ஆண்டுகள் ஒரு உருபாவாகவே நின்ற தீப்பெட்டி விலை, 2021 திசம்பர் முதல் நாளன்றுதான் இரண்டு உருபாவாயிற்று. அவ்வொரு உருபாவிற்கு முணுமுணுத்தவர் எத்துணைப் பேர்! அத்தனை ஆண்டுகளில் எண்ணெய் விலையும் அரிசி விலையும் ஏறியபோது, கட்டை அடுக்கும் பெண்ணின் அடுப்பு எவ்வாறு எரிந்ததென்று எண்ணியவர் எத்துணைப் பேர்?

மாலையில் மகளின் கையில் சுவடியைத் தருவதா, கட்டையைத் தருவதா என்று ஒரு தாய் தேர்கிறாள். ஒட்டிய பெட்டிகளை எண்ணி வாங்குவார், அவை எவர் விரலால் ஒட்டப்பட்டவை என்று கேட்பதா, விடுவதா எனத் தேர்கிறார். வாராத மாணவனின் வீட்டுக்கு நடப்பதா, பதிவில் குறியிட்டு மறப்பதா என்று ஆசிரியர் தேர்கிறார். வேலைக்கேற்ற கூலி தரும் விலையை முகஞ்சுளியாது கொடுப்பதா என்று வாங்குவோர் தேர்கிறார். இவற்றுள் ஒன்றும் வரலாற்றில் எழுதப்படாது. எனினும், ஒரு குழந்தை பள்ளிக்குச் செல்வதும் செல்லாமற் போவதும் இவற்றாலேயே முடிவாகும்.

தம் பங்கு சிறிதே என்று சொல்லித் தப்புவதை விடுத்து, அச் சிறு பங்கை ஒவ்வொருவரும் மறுக்கத் தொடங்குக. பங்காளிகள் விலகிவிட்டால் பழிக்கு நிற்க இடமேது?