சாகாதவனின் பழைய பாக்கி!

பிணவறை மேஜையில் ஒருவன் கண் விழிக்கிறான். உடம்பெல்லாம் தழும்பு. பெயர்கூட நினைவில் இல்லை. அந்தரத்தில் மிதக்கும் ‘மோர்ட்டே’ என்ற மண்டையோடு அவனிடம் வாயடிக்கிறது. அவன் முதுகில் பச்சை குத்தியிருப்பதைப் படித்தும் சொல்கிறது. ‘நாட்குறிப்பைப் படி, ஃபாரோடு என்ற ஆளைத் தேடு’ என்கிற ரீதியில் போகிறது அது. ஆனால், கடைசி வரியை மட்டும் மோர்ட்டே படிக்காமல் விட்டுவிடுகிறது. ஏன் என்பது பிற்பாடுதான் தெரியும்!

இப்படித் தொடங்குகிறது, 1999 டிசம்பரில் வெளியான ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’. அமெரிக்காவின் பிளாக் ஐல் ஸ்டூடியோஸ் உருவாக்கிய ஃபேன்டஸி ரோல் பிளேயிங் கேம். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால், விற்பனையில் அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘பால்டர்ஸ் கேட்’ கேமை நெருங்கவே முடியவில்லை. இதில் அழகான இளவரசன் இல்லை, காப்பாற்ற வேண்டிய ராஜ்ஜியமும் இல்லை. படிக்கத்தான் நிறைய இருக்கிறது. சுமார் 8 லட்சம் வார்த்தைகள்!

செத்தால் தோல்வி இல்லை

மற்ற கேம்களில் ஹீரோ செத்தால் ஆட்டம் முடிந்தது. இங்கே பெரும்பாலும் மறுபடி எழுந்துவிடுகிறான். ஒரு கல்லறைப் புதிரை அவிழ்ப்பதற்குச் சாவதுதான் வழியே.

ஆனால், சாகாவரம் இங்கே வரம் இல்லை. முன்பு பலமுறை செத்து எழுந்தவன் அவன். ஒவ்வொரு முறையும் நினைவு அழிந்திருக்கிறது. அவன் செய்தவை மட்டும் அழியவில்லை. பிணவறையிலேயே டெயோனாரா என்ற பெண்ணின் ஆவி எதிர்ப்படுகிறது. அவனை உயிராக நேசித்தவள். அவனுக்கோ அவள் முகமே தெரியவில்லை. அடுத்து, டக்கோன் என்ற வாள்வீரர். முன்பு உயிரைக் காப்பாற்றிய நன்றிக்கு, ‘நீ சாகும்வரை உனக்கு ஊழியம் செய்வேன்’ என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தவர். அவனுக்குச் சாவே கிடையாது என்பது தெரியாமல் கொடுத்த வாக்கு அது!

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பார்கள். விதைத்ததே நினைவில் இல்லாதவனும் அறுக்கத்தான் வேண்டுமா? இந்தக் கேள்விதான் கதையின் உயிர்.

வாளைவிட வாய்

கதை நடக்கும் சிகில் நகரமும் விசித்திரமானது. எந்தக் கதவும் வளைவும் வேறோர் உலகத்துக்கு வாசலாக இருக்கலாம். அதற்கான சாவி கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே நம்பிக்கைக்கு நிஜத்தையே மாற்றும் சக்தி உண்டு. ‘என் பெயர் அடான்’ என்று ஹீரோ பலரிடம் திரும்பத் திரும்பப் பொய் சொன்னால், அடான் என்றொரு ஆள் நிஜமாகவே வந்து நிற்பான்!

கட்டாயம் போட வேண்டிய சண்டைகள் மிகக் குறைவு. உடல் பலத்தைவிட விவேகத்தையும் புத்திக்கூர்மையையும் வளர்த்தால் உரையாடலில் புதிய வழிகள் திறக்கும். பழைய நினைவுகளும் திரும்பும். கடைசி எதிரியைக்கூடப் பேசியே வெல்லலாம்.

குறைகளும் உண்டு. சண்டைக் காட்சிகள் சுமார் ரகம். பிற்பகுதியில் கதை அவசரமாக ஓடுகிறது.

ஆனாலும் இதன் வாசகர்கள் இதை மறக்கவில்லை. 2013-ல் இதன் வழியில் வந்த ‘டார்மென்ட்: டைட்ஸ் ஆஃப் நியூமெனெரா’ கேமை உருவாக்க, ரசிகர்களே 40 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள்.

போனில் விளையாடலாம்

2017-ல் பீம்டாக் நிறுவனம் மெருகேற்றிய பதிப்பை ஆண்ட்ராய்டு, ஐபோன், ஐபேடுக்கும் கொண்டுவந்தது. ஆங்கிலம் சரளமாகப் படிக்கத் தெரிய வேண்டும். எழுத்துகள் நிறைய என்பதால் டேப்லெட் இருந்தால் வசதி. சாவு, கொடூரம், இரட்டை அர்த்தப் பேச்சு எல்லாம் இருப்பதால் குட்டீஸ் கையில் கொடுக்க வேண்டாம்.

நடுவழியில் ரேவல் என்ற சூனியக்காரி ஹீரோவிடம் ஒரு கேள்வி கேட்கிறாள்: மனிதனின் இயல்பை எது மாற்றும்? அன்பா, குற்ற உணர்வா, காலமா, சாவா? அவள் மனதில் ‘சரியான விடை’ என்று எதுவும் இல்லை. அவன் என்ன சொல்கிறான் என்பதுதான் அவளுக்கு வேண்டும்.

விளையாடி முடித்து போனைக் கீழே வைத்த பிறகும், அந்தக் கேள்வி மட்டும் விடாது!