பரங்கி, அவரையில் பாஸ்தா சாலட்

கேள்வி: மகள் சிப்காட் கம்பெனியில் முதல் ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். பாஸ்தா சாலட் கேட்கிறாள். தோட்டத்தில் பரங்கியும் அவரையும் காய்த்திருக்கின்றன. விடியற்காலையில் செய்து டப்பாவில் கொடுக்கலாமா?
– வாசகி, இருங்காட்டுக்கோட்டை

பதில்: தாராளமாகச் செய்யலாம், டப்பாவில் மட்டும் வேண்டாம். வெந்த பாஸ்தா 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால், பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகலாம். வாந்தி வரவைக்கும் அதன் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. டப்பாவுக்குப் புளியோதரை நல்லது. புளிப்பு அந்தக் கிருமியை அடக்கும். பாஸ்தாவை மகள் வீடு திரும்பும் நேரத்துக்குச் செய்யுங்கள்.

நான்கு பேருக்கு 250 கிராம் பாஸ்தா போதும். இரண்டரை லிட்டர் தண்ணீர் கொதித்ததும் உப்புடன் போட்டு, குழையாமல் வடித்து, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் பிசறுங்கள். பரங்கித் துண்டு, நறுக்கிய அவரை தலா 200 கிராம் எடுத்து, இட்லிப் பானையில் ஆவியில் வேகவையுங்கள். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப் சேர்த்தால் புரதமும் கிடைக்கும், பசியும் தாங்கும். கடைசியில் எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், கொத்தமல்லி சேர்த்துக் கலந்து உடனே பரிமாறுங்கள். பாஸ்தா இல்லையென்றால் சேமியாவிலும் செய்யலாம்.

அவரைக்கு மருந்து அடித்திருந்தால், லேபிளில் உள்ள காத்திருப்பு நாட்கள் முடிந்த பிறகே பறியுங்கள்.