பல்லைப் பிடுங்குவது கொடுமையா?

எங்கள் வீட்டுப் பூனை பசியோடு தட்டுக்கு ஓடி வரும். ஒரு வாய் கடித்ததும் சீறிக்கொண்டு பின்வாங்கும். உணவு பிடிக்கவில்லை, திமிர் என்றே நினைத்தோம். கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து காட்டியபோதுதான் ஈறு முழுவதும் சிவந்து புண்ணாகியிருப்பது தெரிந்தது.

பூனை வலியை வெளியே காட்டாது. எச்சில் வடிதல், வாய் நாற்றம், உடலை நக்கிச் சுத்தம் செய்யாமல் விடுவது, இவைதான் அறிகுறிகள்.

பல்லில் படியும் கிருமிப் படலத்தை எதிர்க்கும் நோய் எதிர்ப்பாற்றல் அளவுமீறி, ஈற்றையே புண்ணாக்குகிறது. அதனால் கடைவாய்ப் பற்களை, சில வேளை 30 பற்களையும், எடுக்கச் சொல்கிறார்கள். அம்மா "பாவம்" என்றார். பல்லை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பதுதான் பாவம் என்பேன். பெரும்பாலான பூனைகள் தேறுகின்றன. சிலவற்றுக்கு மருந்து தொடர வேண்டியிருக்கும்.

வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள பனடோலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள பாரசிட்டமாலின் நஞ்சை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது. ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம்.

எங்கள் பூனைக்கு இப்போது ஒரு பல்லும் இல்லை. நேற்று என் தட்டிலிருந்த மீன் துண்டைக் காணோம்.