ஆடியவன் செத்தான் என்று சிரிக்காதே! கதவைப் பூட்டியவன் யார் என்று கேள்!



2025 டிசம்பர் 6, சனிக்கிழமை. அந்தத் தேதியின் வலியை உனக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நீயும் நானும் வெயிலில் நின்று நீதி கேட்டுக் கோஷமிட்ட நாள். தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பினோம். இஷா தொழுதோம். படுத்துவிட்டோம். அதே இரவு, நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், கோவா மாநிலம் அர்போராவில் ஒரு நடனக் கிளப் தீப்பிடித்து எரிந்தது. 25 உயிர்கள் போயின.

மறுநாள் சுபுஹு தொழுகை முடிந்து பள்ளிவாசல் எதிரே உள்ள டீக்கடையில் நின்றோம். கைபேசியில் செய்தி வந்துவிட்டது. "ஆடுனாங்க, அழிஞ்சாங்க. அல்லாஹ்வோட தண்டனை, ஹஜ்ரத்!" என்றான் ஒரு வாலிபன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் சிரித்தார். முதல் நாள் மேடைக்கு முன்னால் நின்று நீதி, நீதி என்று முழங்கிய அதே முகங்கள்!

நான் அப்போது வாய் திறக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டேன். அந்த மௌனம் என் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் நிலை

'ஹஜ்ரத் கிளப்புக்கு வக்காலத்து வாங்குகிறார்' என்று எவரும் கிளம்ப வேண்டாம். மதுவும் ஆட்டமும் கலந்த அந்த இரவுகளை மார்க்கம் அனுமதிக்கவில்லை. இருபது ஆண்டுகளாக மேடைதோறும் சொல்லி வருகிறேன். இன்ஷா அல்லாஹ் நாளையும் சொல்வேன். நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் சகோதரனே, பாவத்துக்குக் கணக்குக் கேட்க அல்லாஹ் இருக்கிறான். கதவைப் பூட்டியவனிடமும், அனுமதியில்லாமல் கட்டியவனிடமும், கண்ணை மூடிக்கொண்ட அதிகாரியிடமும் கணக்குக் கேட்க வேண்டியவர்கள் நாம். அந்த வேலையை விட்டுவிட்டு அல்லாஹ்வின் வேலையை நாம் எடுத்துக்கொள்வதா? ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள் என்று மதரஸாவில் ஓதினோமே, எதற்காக ஓதினோம்? 25 ஜனாஸாக்களைப் பார்த்துச் சிரிப்பதற்கா?

செத்தவன் யார்?

நீ ஆடியவன் என்று சொன்னாயே, அந்த 25 பேரில் 20 பேர் அங்கே வேலை பார்த்தவர்கள்! சுற்றுலா வந்தவர்கள் ஐந்தே பேர். மேலே ஆடியவர்களில் பெரும்பாலோர் வெளியே ஓடிவிட்டார்கள். கீழே, அடித்தளத்துச் சமையலறையில் சட்டி கழுவியவனும் ரொட்டி சுட்டவனும் புகையில் மூச்சுத் திணறிச் செத்தான். உத்தராகண்டிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவர்கள். மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள்.

இவர்களை உனக்குத் தெரியாதா? துபாயிலும் கோலாலம்பூரிலும் ஹோட்டல் அடுக்களையில் நிற்கும் உன் அண்ணன் யார்? உன் மச்சான் யார்? அவன் நிற்கும் அடுக்களைக்கு இரண்டாவது வாசல் இருக்கிறதா என்று என்றாவது கேட்டிருக்கிறாயா?

முதலாளிகள் என்ன ஆனார்கள்? சில மணி நேரத்தில் விமானம் ஏறித் தாய்லாந்துக்குப் பறந்துவிட்டார்கள்! பிறகு அங்கே பிடிபட்டு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தக் கட்டடத்தை இடிக்கச் சொல்லி ஊராட்சி முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்தது. மேலிடத்தில் அதற்குத் தடை கிடைத்தது. கிளப் ஓடியது. சொல், இது இறைவனின் தண்டனையா? இல்லை, மனிதனின் பேராசையா?

அந்த இரவு எப்படி நடக்கிறது?

கூட்டம் நிறைந்த ஒரு நடனக் கிளப்பின் சனிக்கிழமை இரவைக் கேள். வாசலில் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறான். எத்தனை பேர் கொள்ளும் என்பது சுவரில் ஒட்டிய காகிதத்தில் மட்டும் இருக்கும். இருநூறு பேர் நிற்கும் இடத்தில் நானூறு பேரை அடைத்தால் இரட்டை வசூல். சத்தம் வெளியே போனால் அக்கம்பக்கத்தார் புகார் கொடுப்பார்கள் அல்லவா? அதனால் சுவரிலும் கூரையிலும் ஃபோம் ஒட்டுகிறான். தீப்பிடிக்காத பொருளுக்கு விலை அதிகம், எனவே மலிவானது. கூட்டத்தைக் குஷிப்படுத்த மேடையில் மத்தாப்பு கொளுத்துகிறான். பொறி கூரைக்குப் போகிறது.

அதன் பிறகு நிமிடக் கணக்குதான். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2003 பிப்ரவரி 20 அன்று 'ஸ்டேஷன்' என்ற கிளப்பில் இப்படித்தான் நடந்தது. ஆறு நிமிடத்துக்குள் கட்டடம் முழுவதும் தீ. 100 பேர் மாண்டார்கள். வேறு வாசல்கள் இருந்தும் பெரும்பாலோர் தாங்கள் நுழைந்த முன்வாசலை நோக்கியே ஓடி, அங்கே ஒருவர் மேல் ஒருவராய் விழுந்து அடைத்துக்கொண்டார்கள். ஆபத்தில் மனிதன் தெரிந்த வழிக்கே ஓடுவான். மலிவான ஃபோம் எரியும் புகையில் சயனைடு விஷம் இருக்கிறது. தீ தொடும் முன்பே புகை கொன்றுவிடும்.

கதவு ஏன் பூட்டப்படுகிறது?

இனி பூட்டுக்கு வருவோம். 1942 நவம்பர் 28, பாஸ்டன் நகரின் 'கோகனட் குரோவ்'. 492 பேர் இறந்தார்கள். முன்வாசலில் சுழல் கதவு. கூட்டம் நெருக்கியதும் சிக்கி நின்றுவிட்டது. பக்கக் கதவுகள் பூட்டியிருந்தன. ஏன்? பில் கட்டாமல் எவனும் நழுவிவிடக் கூடாதாம்! உரிமையாளர் சிறைக்குப் போனார், போனவர்கள் வரவில்லை.

2004 டிசம்பர் 30, அர்ஜென்டினாவின் தலைநகர் புவனோஸ் ஐரிஸ். 194 பேர். அவசர வழியில் பூட்டு. ஏன்? டிக்கெட் இல்லாமல் எவனும் நுழைந்துவிடக் கூடாதாம்! அந்த விவகாரத்தில் 2006இல் நகரத்தின் ஆட்சித் தலைவரே பதவி இழந்தார்.

2013 ஜனவரி 27, பிரேசிலின் சாண்டா மரியா. 242 பேர், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். வெளியேற ஒரே வழி. பணம் கட்டாமல் ஓடுகிறார்கள் என்று நினைத்து, ஓடி வந்தவர்களைக் காவலாளிகள் முதலில் மறித்தார்கள்! பலருடைய உடல்கள் கழிவறைகளில் குவிந்து கிடந்தன. ஜூரி தீர்ப்பு வரவே 2021 டிசம்பர் ஆகிவிட்டது.

பார்த்தாயா சகோதரனே? மூன்று நாடு, மூன்று மொழி. பூட்டின் காரணம் ஒன்றுதான். கல்லாப்பெட்டி!

செத்தவன் மேல் பழி போட்டால் யாருக்கு லாபம்?

இதைக் கவனமாகப் படி. அயர்லாந்தின் டப்ளின் நகரில் 'ஸ்டார்டஸ்ட்' என்று ஒரு நடன அரங்கம். 1981 பிப்ரவரி 14 அதிகாலையில் தீப்பிடித்தது. 48 பேர் மாண்டார்கள். தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். உள்ளே இருப்பவர்கள் நண்பர்களைக் காசில்லாமல் உள்ளே விட்டுவிடக் கூடாது என்று அவசர வழிகளைப் பூட்டும் வழக்கம் அங்கே இருந்தது. அன்றைய விசாரணை ஆணையம் என்ன சொன்னது தெரியுமா? யாரோ தீ வைத்திருக்கலாம் என்றது! அதாவது ஆட வந்த அந்தப் பிள்ளைகளில் ஒருவனாக இருக்கலாம் என்ற கறை. அந்த ஒரு வரியைக் காட்டி உரிமையாளர் 5 லட்சம் ஐரிஷ் பவுண்டுக்கு மேல் நஷ்டஈடு பெற்றார். பெற்றோரோ பிள்ளையையும் இழந்து, கொலைப் பழியையும் சுமந்தார்கள்.

அவர்கள் ஓயவில்லை. 43 ஆண்டுகள்! தாய் இறந்தால் மகள் தொடர்ந்தாள். 2024 ஏப்ரலில் புதிய விசாரணையின் ஜூரி தீர்ப்புச் சொன்னது: தீ மின்கோளாறால் பிடித்தது; 48 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள். அயர்லாந்தின் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார்.

டீக்கடையில் நீ சொன்ன வார்த்தைக்கும் அந்த ஆணையத்தின் வரிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் செத்தவனைக் குற்றவாளி ஆக்குகின்றன. இரண்டும் முதலாளியைக் காப்பாற்றுகின்றன. செய்யாத குற்றத்துக்குப் பழி சுமப்பது என்றால் என்ன என்று வேறு எவருக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரியாதா? நம் வாயிலிருந்து அந்தச் சொல் வரலாமா?

வணிகப் பெருமக்களே, இனி உங்களிடம்!

'எங்களுக்கும் கிளப்புக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கிறீர்களா? கிளப் வேண்டாம், உங்கள் ஜவுளிக்கடைக்கு வாருங்கள். பின்வாசல் படிக்கட்டில் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருப்பது யார்? திருட்டுப் பயத்தில் பக்கக் கதவைப் பூட்டி, சாவியை வீட்டில் வைத்திருப்பது யார்? இரவில் கடைப் பையன்களை உள்ளே படுக்க வைத்துவிட்டு ஷட்டரை வெளியே பூட்டிக்கொண்டு போகும் முதலாளி நம்மில் ஒருவரும் இல்லையா? அந்தப் பூட்டும் புவனோஸ் ஐரிஸின் பூட்டும் ஒன்றுதான்!

நம் மண்ணை மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. காப்பகக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் எழுந்து ஓட முடியாமல் கருகினார்கள். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபம். மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு ஜூலை 16, கும்பகோணம் பள்ளிக்கூடம். 94 குழந்தைகள். அங்கே யார் ஆடினார்கள்? என்ன பாவம் செய்தார்கள்? தீ பாவியைத் தேடிப் போவதில்லை. வழி அடைபட்டவனைத் தேடிப் போகிறது.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மண்டபத்தில் நம் நிகழ்ச்சி. பேச்சின் நடுவே கூட்டம் எழுந்து போகிறது என்று பக்க வாசலைப் பூட்டச் சொன்னவன் நான்தான். உள்ளே பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால்? மத்தாப்பு கொளுத்தியவனுக்கும் எனக்கும் அந்த இரவில் அதிர்ஷ்டம் ஒன்றுதான் வித்தியாசம். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

செய்ய வேண்டியது என்ன?

இரவில் விளக்கை அணைத்துவிட்டு உறங்குங்கள் என்று தீயைக் குறித்து எச்சரித்த நபியின் உம்மத் நாம். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் இவற்றைச் செய்வோம்.

ஒவ்வொரு கடைக்கும் குடோனுக்கும் இரண்டாவது வழி உண்டா என்று பார்க்க வேண்டும். இருக்கும் வழியில் சரக்கு இருந்தால் அன்றே அகற்ற வேண்டும். ஆள் இருக்கும் நேரத்தில் எந்தக் கதவும் வெளிப்பக்கம் பூட்டப்படக் கூடாது. கதவு வெளிநோக்கித் திறக்க வேண்டும். நம் ஜமாஅத் மண்டபங்களில் எத்தனை பேர் அமரலாம் என்பதை எழுதி மாட்டி, அதற்கு மேல் விடக் கூடாது. எவ்வளவு பெரிய செல்வந்தர் வீட்டு நிக்காஹ் ஆனாலும் சரி. மாப்பிள்ளை ஊர்வலத்தில் மண்டபத்துக்குள் வெடி கொளுத்தும் கூத்தை நிறுத்த வேண்டும். தீயணைப்புத் துறையின் சான்றை லஞ்சம் கொடுத்து வாங்காதீர்கள். 2025 மார்ச் 16இல் வடக்கு மாசிடோனியாவின் கோச்சானி ஊரில் 60க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட கிளப்பின் உரிமம் லஞ்சத்தில் பெறப்பட்டது என்று அந்நாட்டு அரசே சொன்னது. லஞ்சம் கொடுத்து வாங்கும் சான்றிதழ் தீயை அணைக்காது!

வாலிபனே, உனக்கு ஒரு வேலை. எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும், எந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாலும், முதலில் இரண்டாவது வாசல் எங்கே என்று பார். பூட்டியிருந்தால் திறக்கச் சொல். முதலாளி முறைத்தால் எங்களிடம் வா. நாங்கள் வந்து கேட்கிறோம்.

இனி எங்கேனும் ஒரு கிளப் எரிந்த செய்தி வந்தால் டீக்கடையில் நான் வாய் மூடி நிற்க மாட்டேன். நீயும் சிரிக்காதே. கேள்: எத்தனை வாசல்? எது பூட்டியிருந்தது? சாவி யாரிடம்? அனுமதி கொடுத்தவன் எங்கே? இந்த நான்கு கேள்விகளையும் கேட்கும் வாய்தான் நீதி கேட்கும் வாய். மற்றது வெறும் சத்தம்.

வஸ்ஸலாம்.