கொடிக்குப் பின்னால் இருவர்

போர்ச்சுகல், ஸ்பெயின் பக்கம் குழுச் சுற்றுலா போகிறவர்களுக்கு நேரம் சொந்தமில்லை. அது வழிகாட்டி தூக்கிப் பிடிக்கும் கொடிக்குச் சொந்தம். லிஸ்பனில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை முன் ஒரு போட்டோ, செவிலில் கொலம்பஸ் கல்லறை முன் இன்னொன்று. பிறகு மீண்டும் பஸ்.

கோர்டோபாவில் இந்த அவசரம் உதவாது. 785 வாக்கில் மசூதியாக எழத் தொடங்கிய கட்டடம், 1236ல் நகரம் கைமாறியதும் தேவாலயமானது. 1523ல் தூண்களின் நட்ட நடுவே பெரிய வழிபாட்டுக் கூடம் கட்ட ஆரம்பித்தார்கள். மிச்சமிருக்கும் தூண்களே 850க்கு மேல். கொடி தருவதோ ஒரு மணி நேரம். கூட ஒரு நண்பர் இருந்தால் ஒருவர் தூண்களைப் பார்க்கலாம், மற்றவர் பீடத்தை. மசூதியைச் சிதைத்தார்களா, தேவாலயமாக்கியதால்தான் அது இடிபடாமல் தப்பியதா என்று ராத்திரி சாப்பாட்டில் சண்டை போடலாம்.

கிரனாடாவில் மட்டும் பிரியக் கூடாது. அல்ஹாம்ப்ராவின் நஸ்ரீத் அரண்மனைகளுக்கான டிக்கெட்டில் நுழையும் நேரம் குறித்திருக்கும். தவறினால் அனுமதி இல்லை. மேட்டில் பரந்து கிடக்கும் கோட்டை அது. இருவரில் ஒருவருக்கு முழங்கால் வலி என்றால் முன்கூட்டியே நடக்கத் தொடங்க வேண்டும். குழு காத்திராது, கூட நடக்க வேண்டியவர் நண்பர்தான்.