சமூக அறிவியல் மனப்பாடப் பாடமா?

கணக்குக்கும் அறிவியலுக்கும் மூளை வேண்டும், சமூக அறிவியலுக்கு நெட்டுரு போதும்: தமிழ்நாட்டில் பெற்றோரும் மாணவரும், ஆசிரியர்களில் பலரும்கூட, நம்புவது இதைத்தான். அரையாண்டுத் தேர்வு முடிந்தால் சமூக அறிவியல் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்கிறார்; யாரும் மறுப்பதில்லை. கடைசி மாதம் புக் பேக் வினாக்களையும் காலக்கோட்டையும் உருப்போட்டால் தேறிவிடலாம் என்று வகுப்பிலேயே சொல்லப்படுகிறது. இந்த நம்பிக்கை தவறானது. பிள்ளைகளுக்குக் கேடு செய்வது.

சோழர் கால ஊர்ச்சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறை பற்றிய பாடத்தையே எடுத்துக்கொள்ளலாம். 'உறுப்பினருக்குரிய தகுதிகள் யாவை?' என்பது வழக்கமான கேள்வி. சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35 முதல் 70, வேத அறிவு என்று எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில்தான் 35 முதல் 70. இரண்டே ஆண்டில் விதியை ஏன் மாற்றினார்கள்? நிலமில்லாதவர் அந்த ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வேதம் படிக்க வாய்ப்பே இல்லாதவர் நிலை என்ன? முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் போட்டிக்கே வரக்கூடாது என்று கல்லில் வெட்டிவைக்கும் அளவுக்கு அங்கே என்ன நடந்திருக்கும்? வரலாறு இந்தக் கேள்விகளில்தான் தொடங்குகிறது. நெட்டுருப் போடும் பிள்ளை அவற்றின் பக்கமே போவதில்லை.

கணக்குக் கேட்கும் அந்த விதி ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கதையோடு முடிந்துவிடவில்லை. சுதந்திர தினத்தன்றும் காந்தி ஜெயந்தியன்றும் கூடும் கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். ஊராட்சிகளுக்கான 73ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது என்று எழுதி மதிப்பெண் வாங்கிய மாணவர், தம் ஊர்க் கிராம சபையில் ஒருமுறைகூட உட்கார்ந்திருக்க மாட்டார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஆண்டு 2005 என்பது அவருக்குத் தெரியும். பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு எழுதினால் 30 நாளுக்குள் பதில் வரவேண்டும் என்பதும் தெரியும். தெருக்குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டு அப்படி ஒரு மனுவை எழுதிப் பார்க்க மட்டும் யாரும் சொல்லித்தந்ததில்லை.

தகவல்கள் நினைவில் இல்லாமல் சிந்திக்க முடியாது என்பார்கள். உண்மைதான். ஆண்டு தெரியாதவருக்கு முன்பின் தெரியாது. ஆனால் செங்கல்லை அடுக்கிவைத்துவிட்டு வீடு கட்டியாயிற்று என்று யாரும் சொல்வதில்லை. வரைபடத்தில் காவிரியைக் கோடாக இழுக்கத் தெரிந்த பிள்ளைக்கு, அந்தத் தண்ணீர் எந்த மாநிலத்தில் தேங்கி, யார் வயலுக்கு எப்போது வருகிறது என்பதும் தெரியவேண்டும்.

ஆசிரியரை மட்டும் குறைசொல்வது நியாயமன்று. வினாத்தாள் எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பு நடத்தும். இரண்டு கல்வெட்டுகளின் விதிகளையும் அருகருகே கொடுத்து, என்ன மாறியிருக்கிறது, ஏன் மாறியிருக்கலாம் என்று ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்டால் போதும், கைடுகளை நம்பி நடக்கும் பாடம் அடுத்த ஆண்டே மாறத் தொடங்கும்.

மேல்நிலையில் அறிவியல் பிரிவுக்குப் போகும் மாணவருக்கு வரலாறும் குடிமையியலும் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகின்றன. வாக்குரிமை வயதோ 1989 முதல் 18. இடையில் இருப்பவை மூன்றே ஆண்டுகள். அவற்றில் இந்தப் பாடத்துக்கு ஒரு பீரியடும் கிடையாது.